வெளியுறவுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கதை எழுத வருமா? அந்த அனுபவம் கைகொடுக்குமா?

கைகொடுக்கும். அதற்கு முன்னால் ஒருமுறை காலை வாரியும் விடும். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மதுரை தல்லாகுளம் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஓடும் கடை. நான்கு வருடமாக இங்கே ஒருவர் கையெழுத்துப் பிரதியோடு வருகிறார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். யூபிஎஸ்சி தேர்வு எழுதி வெளியுறவுப் பணிக்குப் போனவர். அதில் சேர்ந்தால் அயல்மொழி ஒன்றைக் கற்றே ஆக வேண்டும். இவருக்கு வாய்த்தது அரபி. நாடு நாடாகப் பெட்டி தூக்கிவிட்டு, 60 வயதில் ஊர் திரும்பினார். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை.

முதல் கதையை அடிக்கும்போதே எனக்குச் சிரிப்பு. பத்திக்குப் பத்தி எண் போட்டிருந்தார். அரசுக் குறிப்புகளில் அப்படித்தானாம். கதையில் தாய் சாகக் கிடக்கிறாள். அந்த இடத்தில் ‘உடல்நிலை மோசமடைந்திருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது’ என்று இருந்தது.

“யார் சார் தெரிவித்தது?” என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “பெரியம்மா, தம்பி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மந்தையிலேயே கட்டிப்பிடித்து அழுதார்.”

“அதை எழுதுங்கள் சார்.”

தூதரகத்தில் இருந்து டெல்லிக்குப் போகும் செய்தியில் எழுதியவரின் கோபமோ கூச்சமோ தெரியக் கூடாது. ஆயுசுக்கும் அப்படி எழுதிப் பழகிய கையில் பெரியம்மா வருவதற்கு ஒன்றரை வருடம் ஆனது.

எல்லோரும் ஓய்வு வரை காத்திருப்பதில்லை. இந்திய வெளியுறவு அதிகாரி விகாஸ் ஸ்வரூப் 2003இல் லண்டனில் பணியில் இருந்தபோதே இரண்டு மாதத்தில் முதல் நாவலை முடித்தார். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்கு மூலம் அதுதான். அதன்பிறகும் 2021 வரை பணியில் இருந்தார். யுகோஸ்லாவியாவின் பெர்லின் தூதராக இருந்த இவோ ஆண்ட்ரிச் கதை வேறு. 1941இல் பதவி முடிந்து, ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பெல்கிரேடில் அடைந்து கிடந்து எழுதினார். போர் முடிந்த 1945இல் மூன்று நாவல்கள் வெளிவந்தன. 1961இல் நோபல் பரிசு. எங்கள் சாருக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. நூறு பிரதி அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் படிப்பதாகத் தெரியவில்லை.

படித்திருந்தால் கோடாலித் தைலக் கதையை விட்டிருக்க மாட்டார்கள். வளைகுடாவில் ஒரு தொழிலாளி இறந்தால் உடல் ஊர் வந்து சேர ஏகப்பட்ட தாள்கள் வேண்டும்: இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, தூதரகம் தரும் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட். இளம் அதிகாரியாக அந்த மேசையில் இருந்தவர் இவர். மேலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்தவற்றுக்குப் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் ஒரு வரி: ‘கோடாலித் தைலம், 6 பாட்டில், ஒன்று திறந்தது.’ கோப்பில் அவ்வளவுதான்.

கதையில் ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கென்று போகிறது. மூட்டுவலிக்கார அப்பத்தாவுக்கு ஒன்று, கடன் கொடுத்த மாமனுக்கு ஒன்று, பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்று. திறந்த பாட்டிலில் கால்வாசி குறைந்திருக்கிறது. சாரம் ஏறி இறங்கிய முழங்காலுக்கு அவன் தானே தேய்த்துக்கொண்டது.

அந்தக் கதையிலும் எண்கள் இருந்தன. பழக்கதோஷம் என்று நானாகவே எடுத்துவிட்டேன். மெய்ப்புப் பார்க்க வந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இதற்கு மட்டும் எண் இருக்கட்டும் தம்பி, இது அவன் பெட்டி” என்றார்.

1 முதல் 17 வரை திரும்பவும் போட்டுக் கொடுத்தேன்.