ஒரே கைதி, இரண்டாவது மனு: கேள்வி பதில்

அமெரிக்காவில் மரண தண்டனைக் கைதிகள் ஹேபியஸ் கார்பஸ் (ஆட்கொணர்வு) மனுவைத் திரும்பத் திரும்பப் போட முடியுமா? போன வாரம் இதை எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

சேலம் வாசகர்: சார், ஆட்கொணர்வு மனு காணாமல் போனவர்களுக்காகப் போடுவதுதானே?

நம்மூரில் அதற்கும் குண்டர் சட்டக் காவலுக்கும்தான் அதிகம் போடுகிறார்கள். அமெரிக்காவில், மாநில நீதிமன்றத்தில் மேல்முறையீடெல்லாம் தோற்ற கைதி, ‘எனக்குத் தண்டனை தந்த விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதம்’ என்று ஃபெடரல் (மத்திய) நீதிமன்றத்தில் முறையிடவும் இதே மனுதான்.

சட்டக் கல்லூரி மாணவி: எத்தனை முறை போடலாம்?

ஒரு முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்கு மறுவருடம் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஒரு சட்டம்தான் இப்படிக் கட்டுப்படுத்துகிறது. முதல் மனுவுக்குப் பொதுவாக ஒரு வருடம்தான் கெடு. முன்பு சொன்ன வாதத்தையே மறுபடி கொண்டுபோனால் நேராகத் தள்ளுபடி. புது வாதமென்றால் முதலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் மறுத்தால் அதன்மேல் அப்பீல் கிடையாது.

அதே மாணவி: ஆள் நிரபராதி என்று புது ஆதாரம் கிடைத்தால்கூடவா?

கிடைத்தாலும் சுலபமில்லை. முன்பே முயன்றிருந்தாலும் அது கிடைத்திருக்காது என்று காட்ட வேண்டும். அப்புறம், விசாரணையில் அரசியல் சட்டத் தவறு நடந்ததையும், அது இல்லாவிட்டால் யாருமே அவரைக் குற்றவாளி என்றிருக்க மாட்டார்கள் என்பதையும் தெளிவாக நிரூபிக்க வேண்டும்.

ஜார்ஜியாவின் ட்ராய் டேவிஸ் வழக்கைப் பாருங்கள். 1989-இல் ஒரு போலீஸ்காரரைச் சுட்டதாக வழக்கு. ஒன்பது முக்கிய சாட்சிகளில் ஏழு பேர் பிற்பாடு சொன்னதை மாற்றினார்கள். நம் கோர்ட் பாஷையில் பிறழ் சாட்சி. என்றாலும் 2009-இல் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி மறுக்கப்பட்டது. அவர் நேராக உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். சட்டம் அடைக்காமல் விட்ட ஒரே சந்து அதுதான். ஆதாரத்தைக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றத்துக்கு உத்தரவிட்டது. அங்கும் நீதிபதி ஏற்கவில்லை. 2011 செப்டம்பர் 21-இல் தண்டனை நிறைவேறியது.

மதுரை வாசகர்: கட்டுப்பாடு இல்லாவிட்டால் இழுத்தடித்துக்கொண்டே போவார்களே?

இழுத்தடிப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜார்ஜியாவின் இன்னொரு மரண தண்டனைக் கைதி வாரன் மெக்லெஸ்கிக்கு நடந்ததை என்னால் இழுத்தடிப்பு என்று சொல்ல முடியாது. பக்கத்து அறைக் கைதியைப் பேச்சுக் கொடுக்க வைத்து அவர் வாயைக் கிளறியிருந்தார்கள். அந்தக் கைதி போலீசுக்குக் கொடுத்த 21 பக்க வாக்குமூலம் 1987-இல்தான் மெக்லெஸ்கியின் வக்கீல்கள் கைக்கு வந்தது. இப்படி வாயைக் கிளறியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று இரண்டாவது மனுவில் வாதாடினார்கள். ‘இந்த வாதத்தை முதல் மனுவிலேயே வைத்திருக்க வேண்டும்’ என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அதே ஆண்டு மின்சார நாற்காலி. மேலே சொன்ன சட்டம் வருவதற்கு முன்பே இந்த நிலைமை!

மனநல மருத்துவர் ஒருவர்: சிறையில் புத்தி பேதலித்துப் போனால்?

தண்டனை ஏன் என்றே புரியாதவரைக் கொல்லக் கூடாது. அந்த வாதத்தைத் தேதி குறிக்கும் முன்பு வைக்கவே முடியாது. ஆகவே டெக்சாஸின் ஸ்காட் பனெட்டி அதைப் பின்னால் கொண்டுவந்தபோது, இரண்டாவது மனு என்று தள்ளக் கூடாது என 2007-இல் தீர்ப்பானது. கௌபாய் உடையில் வந்து தன் வழக்கைத் தானே வாதாடியவர் அவர்.

கோவை வாசகர்: பழைய தண்டனை ரத்தாகி, மறுபடி மரண தண்டனை விதித்தால்?

புதுத் தீர்ப்பு, புதுக் கணக்கு. அதை எதிர்க்கும் மனு முதல் மனுதான். 2010 மேக்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.