"தண்ணீரால் ஏற்படும் பாதிப்பு"ன்னா எந்தத் தண்ணி?

கேள்வி: வணக்கம் சார். என் வாஷிங் மெஷின் மோட்டாருக்கு 5 வருஷம் வாரண்டி. 3வது வருஷத்துல உள்ள இருக்கற சீல் வழியா தண்ணி கசிஞ்சு மோட்டார் போயிடுச்சு. கம்பெனில கேட்டா "தண்ணீரால் ஏற்படும் பாதிப்புக்கு வாரண்டி பொருந்தாது"ன்னு கார்டு கீழ சின்ன எழுத்துல இருக்கு பாருங்கன்றாங்க. இருக்கறது உண்மைதான், கையெழுத்தும் போட்டிருக்கேன். கோர்ட்டுக்குப் போனா இத எப்படிப் படிப்பாங்க?

பதில்: கையெழுத்து போட்டுட்டோமேன்னு மனசு விட்டுடாதீங்க. அந்த ஒரு வரிய மட்டும் பிச்சு எடுத்து கோர்ட் படிக்காது, முழு கார்டையும் சேர்த்து வச்சுத்தான் படிக்கும். மெஷின் வேலை செய்யறதே தண்ணில, உள்ள ஓடற தண்ணி பட்டாலும் வாரண்டி இல்லன்னா அப்புறம் அந்த 5 வருஷ வாக்குறுதிக்கு என்னதான் மிச்சம்? ஒரு பிரிவையே வெத்து காகிதமா ஆக்கற அர்த்தத்த எடுத்துக்க நீதிபதிங்க தயங்குவாங்க. வெள்ளம் புகுந்தது, மேல தண்ணிய கொட்டிட்டதுன்னு வெளிலேர்ந்து வந்த தண்ணியத்தான் அந்த வரி சொல்லுதுன்னு நீங்க வாதாடலாம், எனக்கு அது நியாயமான வாதமாத்தான் படுது.

இப்படி ரெண்டு அர்த்தமும் பொருந்தி வந்து வேற வழில முடிவு பண்ண முடியலன்னா, எழுதினவருக்கு எதிரான அர்த்தத்தத்தான் எடுத்துப்பாங்க. லத்தீன்ல கான்ட்ரா ப்ரொஃபெரென்டம்னு பேரு. தெளிவா எழுதற வாய்ப்பு அவங்க கைலதானே இருந்துச்சு, நீங்க ஒரு வார்த்தைய மாத்தியிருக்க முடியுமா? பிரிட்டன்ல 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்துல இத நேரடியாவே எழுதி வச்சிருக்காங்க, ஐரோப்பிய யூனியன்ல 1993லயே வந்துடுச்சு.

1953ல இங்கிலாந்துல ஒரு கேஸ். 5 பேர் உட்கார்ற கார்ல 6 பேர் போய் விபத்தாயிடுச்சு. கார் எவ்வளவு லோடுக்கு கட்டப்பட்டுச்சோ அதுக்கு மேல ஏத்தினா க்ளெய்ம் கிடையாதுன்னு பாலிசில இருந்துச்சு, இன்சூரன்ஸ் கம்பெனி அதக் காட்டி பணம் தர மாட்டேன்னுட்டாங்க. லோடுன்னா லாரி மாதிரி எடை வரம்பு குறிச்ச வண்டில ஏத்தற சரக்கு, ஆளுங்கள அது குறிக்கலன்னு சொல்லி அப்பீல் கோர்ட் கம்பெனிய பொறுப்பாக்கிடுச்சு. பொறுப்புலேர்ந்து நழுவறதுக்குன்னு போடற வரிய எவ்வளவு இறுக்கிப் படிக்கறாங்க பாருங்க.

ஆனா ஒண்ணு, இத முதல்லயே சொல்லிடணும். குழப்பம் உண்மைல இருக்கணும், நமக்கு சாதகமா இல்லங்கறதுக்காக தெளிவான வரி குழப்பமான வரி ஆயிடாது. "சீல் தேய்ந்து கசிவதால் வரும் பாதிப்பும் சேராது"ன்னு உங்க கார்டுல வேற எங்கயாவது இருக்கான்னு பொறுமையா தேடிப் பாருங்க. அப்படி இருந்துச்சுன்னா நான் மேல சொன்ன வாதம் நிக்காது, அந்த நிபந்தனையே நியாயமில்லாததுன்னு தனியா போராடணும், அது வேற வழி.

இப்போதைக்கு எந்தப் பிரிவ வச்சு மறுக்கறீங்கன்னு கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க. கசிவு உள்ள சீல்லேர்ந்துதான்னு மெக்கானிக் ரிப்போர்ட்டும் வேணும், அது இல்லாம அர்த்தத்தப் பத்தி பேசியே பிரயோஜனம் இல்ல.

கேள்வி: பில்லுல "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு அச்சடிச்சிருக்கு, அதே பில்லுல கடைக்காரர் பேனாவால "10 நாளில் மாற்றலாம்"னு எழுதிக் கொடுத்தார். எது செல்லும்?

பதில்: ரெண்டும் மோதிச்சுன்னா பொதுவா கையால எழுதினதுதான். அச்சடிச்சது எல்லாருக்கும் பொதுவா போட்டது, பேனால எழுதினது உங்களோட பேசி முடிவு பண்ணினது. அந்த இடத்துல கடைக்காரர் கையெழுத்தோ சீலோ இருந்தா இன்னும் பலம். பில்ல இன்னிக்கே போட்டோ எடுத்து வைங்க, தெர்மல் பேப்பரா இருந்தா கொஞ்ச மாசத்துல அச்சு மங்கிடும்.