கேள்வி – பதில்: இலவசத்தை எங்கே நிறுத்துவது?

கேள்வி: சிறு கடைகளுக்கான பில்லிங் ஆப்பை ஃப்ரீமியம் முறையில் தருகிறோம். மாதம் 50 பில் வரை இலவசம், அதற்கு மேல் 200 ரூபாய். டவுன்லோடு நிறைய, பணம் கட்டுபவர்கள் 100க்கு 3 பேர்தான். விளம்பரத்தைக் கூட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: இப்போது கூட்டாதீர்கள். முதலில் வரம்பை மாற்றுங்கள். நாளுக்கு 30 பில் போடும் மளிகைக் கடைக்கு உங்கள் 50 இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். கை பழகுவதற்குள் பணம் கேட்டால், கடைக்காரர் பழைய பில் புத்தகத்துக்கே திரும்பிவிடுவார். பில், ஜிஎஸ்டி கணக்கு, பிரிண்ட் மூன்றையும் வரம்பில்லாமல் விட்டுவிடுங்கள். கடை வளரும்போது தேவைப்படுவதைப் பூட்டுங்கள்: இரண்டாவது கல்லா, கிளை, சரக்கு இருப்பு. கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ட்ராப்பாக்ஸ் 2 ஜிபி இடத்தை இலவசமாகத் தருவதும் இந்தக் கணக்கில்தான். இடம் நிறையும்போது ஆளின் வேலையெல்லாம் அதற்குள் இருக்கும்.

பழைய பில்களைத் தேடும் வசதிக்கு நாள் கணக்கில் வரம்பு வையுங்கள். அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறும் ஸ்லாக் ஆப், இலவசப் பயனர் பார்க்கக்கூடிய பழைய செய்திகளுக்கு 10,000 என்றிருந்த வரம்பை 2022 செப்டம்பரில் 90 நாள் என்று மாற்றியது. எண்ணிக்கை எப்போது முடியும் என்று பயனர் ஊகிக்க முடியாது. நாள் கணக்கு உடனே புரியும்.

செலவையும் பாருங்கள். 100 பேரில் 3 பேர் கட்டினால் வரவு 600 ரூபாய். சர்வருக்கு ஆளுக்கு 4 ரூபாய் என்றால் 400 போய்விடும். இதில் பில்லை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் வசதியையும் இலவசமாகக் கொடுத்தால் கதை முடிந்தது. எஸ்எம்எஸ் 20 காசு என்று வைத்தாலும், நாளுக்கு 30 பில் போடும் ஒரே கடைக்கு மாதம் 180 ரூபாய். பணம் கட்டும் ஒருவரின் சந்தாவை ஒரு இலவசக் கடையே கிட்டத்தட்ட முழுதாகத் தின்றுவிடும். எஸ்எம்எஸ்ஸைக் கட்டாயம் கட்டணப் பக்கம் தள்ளுங்கள்.

கேள்வி: கொடுத்த இலவசத்தைப் பிறகு குறைக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: குறைக்கலாம், ஆனால் பழைய தரவில் கை வைக்காதீர்கள். வரம்பில்லாச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்துவதாக கூகுள் போட்டோஸ் 2020 நவம்பரிலேயே சொன்னது. அதுவரை அந்தச் சலுகையில் ஏற்றிய படங்களை 15 ஜிபி இலவச இடத்தின் கணக்கில் சேர்க்கவில்லை. குறிப்பெடுக்கும் ஆப்பான எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசத்தை 50 குறிப்பாகச் சுருக்கியபோதும், அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் பழைய குறிப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம், ஏற்றுமதி செய்யலாம். புதிதாகச் சேர்க்க மட்டும் முடியாது. நீங்களும் வரம்பு தாண்டியவருக்குப் புதுப் பதிவை மட்டும் நிறுத்துங்கள். வரம்பில் 80 சதவீதம் தொட்டதுமே ஒரு அறிவிப்பு காட்டுங்கள். கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில் பூட்டு விழக்கூடாது.