‘அபோகலிப்டோ’ படத்தில் வரும் மாயர்கள் உண்மையிலேயே அப்படித்தான் வாழ்ந்தார்களா?

காடு உண்மை, மொழி உண்மை, நரபலி கொடுத்ததும் உண்மை. ஆனால் பலியின் அளவும் கதை நடக்கும் காலமும் உண்மையோடு ஒட்டவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியின் பழங்குடி மக்களான மாயர்களை நாம் இன்றுவரை வியந்து பேசக் காரணமான விஷயங்கள் பாதிக்கு மேல் படத்திலேயே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த படம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதையின் முடிவு வரை பேசுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2006இல் மெல் கிப்சன் எடுத்த படம். காட்டுக்குள் வேட்டையாடி வாழும் ஒரு சின்ன ஊர். விடியற்காலையில் ஆயுதங்களோடு ஒரு கூட்டம் வந்து ஊரைக் கொளுத்துகிறது. ஜாகுவார் பா என்ற இளைஞன், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியையும் சிறு மகனையும் ஆழமான ஒரு குழிக்குள் கயிறு கட்டி இறக்கிவிட்டுச் சிக்கிக்கொள்கிறான். கைதிகளை நகரத்துக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். பலிபீடத்தில் அவன் முறை வரும்போது சூரிய கிரகணம் பிடிக்கிறது, தப்புகிறான். அதற்கப்புறம் முழுக்க முழுக்க ஓட்டம்தான். மழை பெய்தால் குழி நிரம்பிவிடும், அதற்குள் அவன் ஊர் திரும்பியாக வேண்டும்.

இந்தத் துரத்தலில் எனக்குப் பிடித்தது வேகம் மட்டும் இல்லை. துரத்தி வருகிறவனும் ஒரு தகப்பன்; அவன் மகனை ஜாகுவார் பா கொன்றுவிட்டான். அதனால் வேட்டை, பழிவாங்கலாக மாறிவிடுகிறது. இன்னொரு பக்கம் குழிக்குள் மகனுக்குக் காலில் காயம். தாய் பெரிய எறும்புகளைப் பிடித்து, வெட்டுவாயின் இரண்டு விளிம்பையும் சேர்த்துக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளி எறிந்து, தலையை மட்டும் தையல் போல விட்டுவைக்கிறாள். வசனமே தேவைப்படாத சில நொடிகள்தான். அந்த மக்கள் காட்டை எவ்வளவு அறிந்தவர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நடிகர்கள் பேசுவது யுகாடெக் மாயா மொழி. மெக்சிகோவில் இன்றும் சுமார் 8 லட்சம் பேர் பேசுகிறார்கள். தயவுசெய்து டப்பிங்கில் பார்க்காதீர்கள், சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். கிழவர் ஒருவர் தீயைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கதை சொல்வாரே, எல்லா மிருகங்களும் தங்கள் ஆற்றலைக் கொடுத்த பிறகும் மனிதனுக்கு ஆசை தீரவில்லை என்று, அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை எந்த டப்பிங்காலும் கொண்டுவர முடியாது. இன்னொரு தகவல்: ஜேம்ஸ் ஹார்னரின் பின்னணி இசையில் பாகிஸ்தானின் ராகத் ஃபதே அலி கானும் பாடியிருக்கிறார்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

முதல் சிக்கல் அந்த ஊரே. மாயர்கள் அடிப்படையில் விவசாயிகள். காட்டைத் திருத்தி மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் பயிரிட்டவர்கள். அவர்களில் கிச்சே மக்களின் ‘போபோல் வூ’ நூலில், தெய்வங்கள் மண்ணால் மனிதனைச் செய்து பார்த்துத் தோற்று, மரத்தால் செய்து பார்த்துத் தோற்று, கடைசியில் சோள மாவைப் பிசைந்துதான் மனிதனை உருவாக்குகின்றன. அப்படிப்பட்ட மக்களின் ஊரைக் காட்டும்போது வேட்டைதான் வாழ்க்கை என்பது போல எடுத்திருக்கிறார்கள். நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கும் மாநகரத்தை அந்த ஊர்க்காரர்கள் முதல்முறையாகப் பார்ப்பது போலத் திகைக்கிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உப்பு, பருத்தி, கொக்கோ, அப்சிடியன் எனும் எரிமலைக் கண்ணாடி என்று ஊருக்கு ஊர் வணிகம் நடந்த உலகம் அது.

அடுத்தது காலம். வானளாவிய பிரமிடுகளோடு தெற்கே டிக்கால் போன்ற பெரிய நகரங்கள் செழித்தது 8ஆம் நூற்றாண்டு வாக்கில். டிக்காலில் தேதி பொறித்துக் கிடைத்த கடைசிக் கல் 869ஆம் ஆண்டுடையது. படத்தின் முடிவில் வரும் ஸ்பானியர்களோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தக் கரைகளுக்கு வந்தார்கள். நடுவே 600 ஆண்டுக்கும் மேல் இடைவெளி. அந்த இடைவெளியிலும் மாயர்கள் நகரங்களோடும் வணிகத்தோடும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். படம் இரண்டு முனைகளையும் பிடித்து ஒரே வாரத்துக்குள் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

நரபலியை மறைத்துப் பேசுவதும் சரியில்லை. போனம்பாக் என்ற பழைய மாய நகரத்தின் சுவரோவியங்களில் விரல்களில் ரத்தம் சொட்டக் கைதிகள் அரசன் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பலியாளுக்கு நீலம் பூசி இதயத்தை எடுத்த சடங்கை, ஸ்பானியப் பாதிரியார் டியேகோ டி லாண்டா எழுதிவைத்திருக்கிறார். படத்தில் வரும் நீலப்பூச்சு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பெரிய நகரங்கள் செழித்திருந்த செவ்வியல் கால மாயக் கல்வெட்டுகள் பெருமையாகப் பேசுவது, போரில் பிடிபட்ட அரசர்களையும் பிரபுக்களையும் பற்றி. 738இல் கோப்பான் அரசனை, அவனுக்குக் கீழே இருந்த கிரிகுவா அரசன் பிடித்துத் தலையை வெட்டினான். கிராமம் கிராமமாக ஆள் பிடித்து, வரிசையில் நிறுத்தி, படிக்கட்டில் தலைகளை உருட்டிவிடுவதெல்லாம் நமக்கு நினைவூட்டுவது மத்திய மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகளின் தலைநகரைப் பற்றிய வர்ணனைகளைத்தான். நாயகன் ஓடும்போது விழுந்து எழும் அந்தப் பிணக்குழியின் அளவுக்கு எதுவும் மாயர் நகரங்களில் கிடைத்ததில்லை.

கிரகணக் காட்சியை மட்டும் பாதி பாராட்டுவேன். கூட்டம் அலறுகிறது, அரசனும் பூசாரியும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைக்கிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்! மாயர்கள் எழுதி இன்றும் எஞ்சியிருக்கும் டிரெஸ்டன் சுவடியில் கிரகண அட்டவணையே இருக்கிறது என்பதால் இது பொருத்தமான கற்பனை. ஆனால் அதே நாள் இரவில் முழுநிலவு காய்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்பது நம் வீட்டுப் பாட்டிக்குக்கூடத் தெரியும். வானத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்ட மக்களைப் பற்றிய படத்தில் இப்படி ஒரு பிழை வந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பூஜ்யத்தைப் பயன்படுத்தியவர்கள், பேச்சை அப்படியே எழுதும் எழுத்துமுறை கொண்டவர்கள். அந்த நகரத்துக்குள் ஒரு எழுத்தரையோ ஒரு சிற்பியையோ ஒரு நிமிடம் காட்டியிருக்கலாம்.

நன்றாகச் செய்த இடமும் உண்டு. நகரத்துக்குள் நுழையும்போது உடம்பெல்லாம் வெள்ளையாகி இருமிக்கொண்டே வேலை செய்யும் கூலியாட்கள் வருவார்கள். சுண்ணாம்புக் காளவாய் ஆட்கள். படத்துக்கு ஆலோசகராக இருந்த தொல்லியலாளர் ரிச்சர்ட் ஹான்சன், எல் மிராடோர் என்ற பழைய மாய நகரப் பகுதியில் நீண்ட காலம் ஆய்வு செய்தவர். பிரமிடுகளுக்குப் பூச்சு பூசச் சுண்ணாம்பு சுட வேண்டும், அதற்குக் காட்டை வெட்ட வேண்டும், மண் அரித்து விளைநிலம் கெடும் என்பது அவர் முன்வைத்த விளக்கம். வழியில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்படுவதும், நகரத்தை ஒட்டிய வறண்ட சோளக்கொல்லையும் அந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன.

முடிவைப் பற்றிப் பலரும் சண்டை போடுகிறார்கள். கடற்கரையில் சிலுவையோடு ஸ்பானியப் படகுகள் வந்ததும் துரத்தல் நிற்பதால், மீட்பர்கள் வந்துவிட்டார்கள் என்று படம் சொல்வதாகக் குற்றச்சாட்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கப்பல்களிடம் போகலாமா என்று மனைவி கேட்க, காட்டுக்குள் போவோம் என்று ஜாகுவார் பா திரும்பி நடக்கிறான். என் கோபம் படத்தின் தொடக்கத்தில் போடும் மேற்கோள் மீது. உள்ளிருந்து அழியாத நாகரிகத்தை வெளியிலிருந்து வெல்ல முடியாது என்ற பொருளில் வரலாற்றாசிரியர் வில் டுராண்ட் ரோமைப் பற்றி எழுதிய வரி அது. அதை மாயர்கள் தலையில் கட்டினால், 1562இல் மானி நகரில் லாண்டா அவர்களுடைய சுவடிகளைக் குவித்துக் கொளுத்தியதற்கு யார் பொறுப்பு? கடைசி மாய அரசின் தலைநகர் நோஹ்பெட்டென் 1697இல் பீரங்கிகளுக்குத்தான் விழுந்தது. முதல் ஸ்பானியர் வந்து கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் அவர்கள் தாக்குப்பிடித்திருக்கிறார்கள்.

பார்க்கலாமா என்றால், கட்டாயம் பாருங்கள். பார்த்த கையோடு போனம்பாக் ஓவியங்களின் படங்களையும் இணையத்தில் தேடிப் பாருங்கள். அரண்மனை, இசைக்கருவிகள், நடனக்காரர்கள் என்று படம் விட்டுவிட்ட நகரம் அங்கே வண்ணத்தில் இருக்கிறது. குழந்தைகளை மட்டும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். ஊரைக் கொளுத்தும் காட்சியும் பலிபீடக் காட்சியும் பெரியவர்களுக்கே கனமானவை.