வாசகர் கேள்வி பதில்: பத்திரிகையாளர் மாடத்தில் ஒரு கவிஞர்

கேள்வி: இங்கிலாந்தில் ஓர் இலக்கிய இதழின் ஆசிரியரே நாளிதழ் ஒன்றுக்குக் கிரிக்கெட் நிருபராகவும் இருந்தார் என்று படித்தேன். யார் அவர்? ஒருவரே இரண்டையும் செய்ய முடிந்ததா?

பதில்: நீங்கள் படித்தது ஆலன் ராஸைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவர் எழுதியது நாளிதழில் அன்று, ‘அப்சர்வர்’ என்னும் ஞாயிறு இதழில். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையானது. அடுத்த கேள்விக்கான பதிலில் அதைச் சொல்கிறேன்.

ராஸ் 1922இல் கல்கத்தாவில் பிறந்து, ஏழு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். ஹெய்லிபரி பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தவரைப் போர் கடற்படைக்கு இழுத்துக்கொண்டது. 1942 டிசம்பர் 31 அன்று, சோவியத் ஒன்றியத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல் அணிக்குக் காவலாகப் போன ‘ஆன்ஸ்லோ’ என்ற போர்க்கப்பல் பேரன்ட்ஸ் கடலில் ஜெர்மானியக் குண்டுகளுக்கு இலக்கானபோது, இருபதே வயதான ராஸ் அதன் கீழ்த்தளத்தில், தீக்கும் தண்ணீருக்கும் இறந்து கிடந்தவர்களுக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். பிற்காலத்தில் அந்தக் கப்பல் அணியின் குறியீட்டெண்ணையே தலைப்பாக வைத்து அவர் எழுதிய நெடுங்கவிதை, அவருடைய கவிதைகளில் முதன்மையானது என்பது என் கருத்து.

போருக்குப் பின் பிரிட்டிஷ் கவுன்சிலில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1950இல் ‘அப்சர்வர்’ இதழில் சேர்ந்தார். 1953இல் அதன் கிரிக்கெட் நிருபரானார். 1961இல் ஜான் லேமனிடமிருந்து ‘லண்டன் மேகஸின்’ இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, 2001 பிப்ரவரியில் இறக்கும் வரை அதை விடவில்லை. ஆக, 1960களில் ஒரு கையால் கவிதைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே மறு கையால் ஆட்டக் குறிப்புகளையும் எழுதிவந்தார்.

கேள்வி: வயிற்றுப்பாட்டுக்காக எழுதிய விளையாட்டுச் செய்திகள் அவருடைய இலக்கிய ஆற்றலை வீணடித்துவிட்டன என்று சொல்லலாமா?

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டம் பெரும்பாலும் வியாழக்கிழமை தொடங்கும். ஞாயிறு ஓய்வு நாள். ஞாயிறு இதழின் நிருபர் சனிக்கிழமை மாலைக்குள் எழுதி முடித்தாக வேண்டும். ஆட்டமோ அப்போது பாதியில் நிற்கும். யார் வென்றார்கள் என்று சொல்லும் வாய்ப்பு அவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஓட்டங்களின் கணக்கோ முன்பே வாசகருக்குத் தெரிந்திருக்கும். மிஞ்சுவது, கண்ணால் கண்டதை வாசகனும் காணும்படி எழுதுவது மட்டுமே. மட்டையாளர் பந்தை எதிர்கொள்ள எப்படி நின்றார், பந்து வீச்சாளரின் ஓட்டத்தில் களைப்பு எப்போது தெரியத் தொடங்கியது, மைதானத்தின் வெளிச்சம் எப்படி மாறியது என்பனவே செய்தியாகும் இடத்தில் ஒரு கவிஞருக்கு வேலை இருக்கிறது.

1963இல் லார்ட்ஸ் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிக்கு 234 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் இங்கிலாந்து ஆடுகிறது. கடைசி ஓவரை வீசுபவர் வெஸ் ஹால். அதன் நான்காவது பந்தில் ஷாக்கிள்டன் ரன் அவுட் ஆகிறார். மிச்சம் இரண்டு பந்துகள், தேவை ஆறு ஓட்டங்கள், கையிலிருப்பது ஒரே விக்கெட். முன்னதாக ஹாலின் பந்து பட்டு எலும்பு முறிந்த இடக்கையில் மாவுக்கட்டுடன் காலின் கௌட்ரி படியிறங்கி வந்து மறுமுனையில் நிற்கிறார். டேவிட் ஆலன் இரண்டு பந்துகளையும் தடுத்து ஆட, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிகிறது. அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஞாயிறு இதழின் நிருபர் அதுவரை காத்திருந்தால் செய்தி ஆறிப்போயிருக்கும். ராஸ் அந்த ஒரே ஆட்டத்துக்கென்று தனி நூலே எழுதினார்.

கேள்வி: இதழாசிரியராக அவர் செய்த சாதனை என்ன?

பதில்: லேமன் காலத்தில் பெரிதும் இலக்கியத்துக்குள்ளேயே இருந்த இதழை ஓவியம், புகைப்படம், திரைப்படம், கட்டடக்கலை, பயணம் ஆகியவற்றுக்கும் திறந்துவிட்டார். கரீபியக் கவிஞர் டெரெக் வால்காட், தென்னாப்பிரிக்க நாவலாசிரியர் நாடின் கோர்டிமர் போன்ற, லண்டனுக்கு வெளியிலிருந்து எழுதியவர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. கரீபியனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கிரிக்கெட்டுக்காகப் போய் வந்த ஒருவருக்கு அந்த நாடுகளின் எழுத்து அன்னியமாகத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். தேர்வில் அவர் கோட்பாடுகளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஒரு குழுவின் குரலாக இதழ் ஒலிப்பதை விரும்பாத ஆசிரியர்கள் அன்றும் அரிது, இன்றும் அரிது.

ஆனால் அவர் வாழ்க்கை இப்படியே இனிதாக ஓடிவிடவில்லை. கடுமையான மனச்சோர்வு நோய் அவரைப் பலமுறை வாட்டியது. அதற்கிடையிலும் இதழ் நடந்தது.

கேள்வி: அவர் நாவலும் எழுதியிருக்கிறாரா?

பதில்: சிறுவர்களுக்காகச் சில கதைகள் எழுதினார். நாவலாசிரியர் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

கேள்வி: முதலில் எந்த நூலைப் படிக்கலாம்?

பதில்: கிரிக்கெட் தெரிந்தவராக இருந்தால் 1954-55இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற இங்கிலாந்து அணியைப் பற்றிய நூலைத் தொடங்குங்கள். இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஃபிராங்க் டைசன் 28 விக்கெட்டுகளை வீழ்த்திய தொடர் அது. மெல்பர்னில் ஒரே இன்னிங்ஸில் 27 ஓட்டங்கள் கொடுத்து ஏழு பேரை வெளியேற்றினார். அந்த வேகத்தோடு ஊர்களையும் மனிதர்களையும் கடற்கரைகளையும் சேர்த்தே ராஸ் எழுதியிருப்பதால், பாதி பயண நூலாகவும் அதைப் படிக்கலாம்.

கிரிக்கெட்டில் ஆர்வம் இல்லாதவர்கள் 1983இல் வெளிவந்த ரஞ்சித்சிங்ஜி வரலாற்றுக்குப் போகலாம். தன் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே, 1896இல் மான்செஸ்டரில், ஆட்டமிழக்காமல் 154 ஓட்டங்கள் குவித்த இந்திய இளவரசர், பின்னாளில் நவாநகர் சமஸ்தானத்தின் ஆட்சியாளராகி இரு உலகங்களுக்கும் நடுவே வாழ்ந்த கதை அது. இந்தியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ராஸ் அந்த மனிதரிடம் காட்டும் பரிவு சில இடங்களில் கொஞ்சம் அதிகம்தான்; ஓர் அரசராக அவரை இன்னும் கறாராக எடைபோட்டிருக்கலாம். ஆனால் பந்தைக் காலருகே மெல்லத் திருப்பிவிடும் ரஞ்சியின் அடியை விவரிக்கும் பக்கங்களுக்காகவே அந்த நூலை வாங்கலாம்.