ஹாலோவீனுக்குப் பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்கா வந்து இது முதல் வருஷம். ஆறு வயது மகன் ஹாலோவீனுக்கு வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் டிரிக் ஆர் டிரீட் போகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "பேய் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா பிச்சை எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்கிறார். சாக்லேட்டில் விஷம் வைப்பார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அனுப்பலாமா?

பதில்:

அனுப்புங்கள், நீங்களும் கூடவே போங்கள். நான் டெக்சாஸில், டாலஸ் புறநகர் ஒன்றில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கும் வேஷம் வாங்கி, அளவு பத்தாமல் ஊக்கு குத்தி, கடைசி நிமிஷத்தில் "இது வேணாம், அது வேணும்" என்ற அழுகையைச் சமாளித்துப் பல அக்டோபர்களைத் தாண்டியவள். உங்கள் கேள்வியில் மூன்று பயம் இருக்கிறது: பேய், பிச்சை, விஷம். மூன்றுக்கும் பதில் உண்டு. நீங்கள் கேட்காமல் விட்ட நாலாவது ஒன்று இருக்கிறது. நிஜமாகப் பயப்பட வேண்டியது அதற்குத்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பேய். ஹாலோவீனின் வேர், அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய விழா என்பார்கள். அப்புறம் திருச்சபை நவம்பர் 1-ஐ அனைத்துப் புனிதர்களுக்கும், 2-ஐ இறந்தவர்கள் எல்லாருக்கும் ஒதுக்கியது. ஹாலோவீன் வரும் அக்டோபர் 31 அதற்கு முந்தின இரவு. நம் ஊர் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அந்தக் கல்லறைத் திருநாளுக்கு ஹாலோவீன் ஒருவகையில் பங்காளி முறை. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் இந்த நாட்களில் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வதாகச் சொல்லி, சின்ன கேக் வாங்கிப் போவார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் வேஷம் கட்டிப் போய் ஒரு பாட்டோ கவிதையோ சொல்லிப் பழமும் கொட்டைப் பருப்பும் வாங்குவார்கள். குடியேறியவர்களோடு இதெல்லாம் அமெரிக்காவுக்கு வந்தது. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே பெரிய பூசணி கிடைத்தது.

ஆக, உங்கள் மாமியார் பிச்சை என்று சொன்னதில் சரித்திரப்படி கொஞ்சம் நியாயம் இருக்கிறது! ஆனால் இன்றைக்கு இங்கே நடப்பது வேறு. பொருளாதார மந்தநிலை இருந்த 1930-களில் பல ஊர்களில் பையன்கள் இந்த இரவில் ஜன்னலை உடைப்பது, வேலியைப் பிடுங்குவது என்று அட்டகாசம் செய்தார்கள். போலீஸை வைத்து மிரட்டிப் பார்த்தும் சரிப்படாததால், "வா, மிட்டாய் தருகிறேன், என் வீட்டை விட்டுவிடு" என்று ஊர்க்காரர்களே சமாதானத்துக்கு வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் கொஞ்சம் படுத்தது. 1947-ல் ரேஷன் போனதும், புதிதாக முளைத்த புறநகர்த் தெருக்களில் இப்போது நாம் பார்க்கும் வடிவத்துக்கு வந்துவிட்டது. கொடுப்பவர்கள் வாரக்கணக்கில் முன்பே மூட்டை மூட்டையாகச் சாக்லேட் வாங்கி வைத்துக் காத்திருக்கிறார்கள். யாரும் வராவிட்டால் அவர்களுக்குத்தான் மனம் சங்கடப்படும். நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போய்ச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் வாங்கி வருவதை யாராவது பிச்சை என்போமா? மாமியாரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். என் அம்மாவிடம் அது எடுபட்டது. அடுத்த வருஷம் அவரே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு கை நிறைய அள்ளிக் கொடுத்து, ஏழரை மணிக்குள் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டார்.

கொலுவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு, நான் அனுப்பச் சொல்வதே அதற்காகத்தான். கொலுவுக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக்குத்தான் போகிறோம். அதுவும் இங்கே பெரும்பாலும் தமிழ் வீடுகளுக்கு, காரில் அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும், அவ்வளவுதான் புறநகர் வாழ்க்கை. வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம் தெரு முழுக்க வாசல் விளக்கு எரிகிறது, ஆட்கள் டிரைவ்வேயில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், முன்பின் தெரியாத பிள்ளை வந்து மணி அடித்தால் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவரிடம் நாலு வார்த்தை பேசியதே அப்படித்தான். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். தெருவில் எந்த வீடு எந்த வருஷம் கைமாறியது என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தபாலை எடுத்து வைப்பது அவர்தான். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது உங்கள் மகனைவிட அதிகம் உதவும்.

மகனுக்கும் லாபம் இல்லாமல் இல்லை. தெரியாத பெரியவரிடம் போய், கண்ணைப் பார்த்து, கேட்டு, ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு, தேங்க் யூ சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கூச்ச சுபாவி முதல் நாலு வீட்டில் என் பின்னால் ஒளிந்தான், பத்தாவது வீட்டில் என்னைக் கேட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டான். அயோவா மாநிலத் தலைநகர் டெமாய்னில் ஒரு வழக்கம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பிள்ளைகள் ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். நம் பையனையும் ஒரு ஜோக்கோடு அனுப்பிப் பாருங்கள், டெக்சாஸிலும் செல்லும்.

சரி, விஷத்துக்கு வருவோம். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1980-களிலிருந்து இதையே தோண்டிக்கொண்டிருக்கிறார். பல பத்தாண்டுப் பத்திரிகைச் செய்திகளைத் துருவியும், முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை செத்ததாகவோ பலத்த காயம் பட்டதாகவோ உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் உதாரணம் சொல்லும் கொடுமை 1974-ல் இங்கே டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் நடந்தது. மிட்டாய்ப் பொடியில் சயனைடு கலந்தது தெருவில் யாரோ அல்ல, பெற்ற தகப்பனே. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக 8 வயது மகனைக் கொன்றான். 1984-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இடையில் 1982-ல் ஹாலோவீனுக்குச் சில வாரம் முன்பு, சிகாகோ பக்கம் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அதோடு நாடே நடுங்கிப்போய், மிட்டாய்ப் பையை எக்ஸ்ரே எடுத்துத் தருவதாக ஆஸ்பத்திரிகள் முன்வரும் அளவுக்குப் போனது. அந்தப் பயத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இங்கே யாரும் வீட்டில் செய்ததைக் கொடுப்பதில்லை. ஆசையாக முறுக்கு சுற்றி வைக்காதீர்கள், வாங்கிப் போகும் தாய்மார்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடைப் பாக்கெட் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிரிந்த பாக்கெட்டுகளை எடுத்துப் போட்டால் போதும். வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் மட்டும் முதல் வேலையாகப் பையைக் கொட்டிப் பாருங்கள், வழியில் தின்ன விடாதீர்கள். சில வீட்டு வாசலில் மயில்கழுத்து நிறத்தில் பூசணி வைத்திருப்பார்கள். மிட்டாய் இல்லாமல் பொம்மை, ஸ்டிக்கர் போன்றவையும் இங்கே உண்டு என்று அர்த்தம். 2012-ல் டென்னஸியில் தொடங்கிய வழக்கம், இப்போது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. நீங்கள் சைவம் என்றால் இன்னொன்று: ரப்பர் மாதிரி மெல்லும் கம்மி (gummy) மிட்டாய்கள் பலவற்றிலும் இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாயிலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு, ஸ்னிக்கர்ஸில் முட்டை வெள்ளைக் கரு. சின்னப் பாக்கெட்டில் முழுப் பட்டியல் பெரும்பாலும் இருக்காது, பெரிய பையைக் கடையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த நாலாவது. கார். 1975 முதல் 2016 வரை 42 வருஷ விபத்துக் கணக்கை எடுத்து, ஹாலோவீன் சாயங்காலத்தை அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள சாயங்காலங்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. நடந்து போகிறவர்கள் வண்டி மோதிச் சாவது ஹாலோவீன் அன்று 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து பத்து மடங்கு. உங்கள் மகன் வயது. மொத்த எண்ணிக்கை பெரிதல்ல, நாடு முழுக்கச் சேர்த்து ஒரு ஹாலோவீனுக்குச் சராசரியாக நாலு சாவுதான் கூடுதல். ஆனாலும் எங்கே கவனம் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மிட்டாயைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்துவிட்டுத் தெருவைக் கடக்கும்போது போனைப் பார்ப்பவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், எரிச்சலாக வரும்.

எங்கள் பக்கம் ஆறரை மணிக்கு மேல் இருட்ட ஆரம்பித்துவிடும், கூட்டமும் அப்போதுதான். அதனால் ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு முனையில் கடந்து மறுபக்கம் வாருங்கள். அந்த வீடு, இந்த வீடு என்று குறுக்கே ஓட விட்டால்தான் ஆபத்து. முகமூடி வேண்டாம், பக்கவாட்டில் வண்டி வருவது தெரியாது. முகத்தில் சாயம் பூசினால் போதும். கறுப்பு உடை என்று அடம்பிடித்தால் (பிடிப்பான், பேட்மேன் வயசு) முதுகில் ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டிக் கையில் டார்ச் கொடுங்கள். தரையைக் கூட்டும் அங்கி வேண்டாம், பழகின ஷூ போடுங்கள். வாசல் விளக்கு எரியாத வீட்டுக்குப் போகக் கூடாது, யார் கூப்பிட்டாலும் உள்ளே போகக் கூடாது. சில வீடுகளில் எலும்புக்கூடு, ரத்தம், திடீரென்று பாயும் பொம்மை என்று அளவுக்கு மீறிப் போயிருப்பார்கள். பையன் தயங்கினால் தாண்டிப் போய்விடுங்கள், "ஆம்பளப் புள்ள பயப்படலாமா" என்று இழுக்காதீர்கள்.

சர்ச்சுகளும் பள்ளிகளும் பார்க்கிங்கில் கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியை அலங்கரித்து, அங்கேயே மிட்டாய் கொடுக்கிறார்கள். டிரங்க் ஆர் டிரீட் என்று பேர். ஓடும் வண்டி இல்லாததால் சின்னதுகளுக்குப் பத்திரம். ஆனால் பத்து நிமிஷத்தில் பை நிறைந்துவிடும், அக்கம்பக்கத்தார் யாரையும் தெரிந்திருக்காது. பெருஞ்சாலை ஓரம் நடைபாதையே இல்லாத இடத்தில் இருந்தால் அதற்குப் போங்கள், இல்லாவிட்டால் தெருதான் என் ஓட்டு.

பெரிய பிள்ளைகள் வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. வர்ஜீனியாவில் செசபீக் என்ற ஊரில் 12 வயதுக்கு மேல் டிரிக் ஆர் டிரீட் போனால் ஜெயில் என்றே சட்டப் புத்தகத்தில் இருந்தது! 2019-ல் வயதை 14 ஆக்கி, ஜெயிலையும் எடுத்தார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒரு சாயங்காலம் குழந்தையாக இருக்க ஆசைப்பட்டால் இருந்துவிட்டுப் போகட்டுமே. வேறெங்கோ சுற்றுவதற்கு இது தேவலை.

மத காரணத்தால் வேண்டாம் என்று தோன்றினால் அதிலும் தப்பில்லை. யெகோவாவின் சாட்சிகள் போவதில்லை, பல முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் தவிர்க்கிறார்கள். விளக்கை அணைத்து வைத்தால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். "நம் பண்டிகை போய்விடும்" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31-ல்தான் வந்தது. எங்கள் வீட்டில் காலையில் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் ஸ்பைடர்மேன். வாசலில் கோலமும் அகல்விளக்கும் பூசணியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து மணி அடித்தார்கள்.

ஒரு வேண்டுகோள். மகனை அனுப்பினால் உங்கள் வாசலிலும் விளக்கு எரியட்டும். ஊரெல்லாம் வாங்கி வந்துவிட்டு வீட்டை இருட்டாக்கிப் போட்டிருக்கும் நம் ஆட்கள் கொஞ்சம் அதிகம், தெருவில் இதைக் கவனிக்கிறார்கள். ஒருவர் பிள்ளையோடு போகட்டும், மாமியார் வாசலில் இருக்கட்டும். பாத்திரத்தில் போட்டு "ஒன்று எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதி வைத்தால் முதலில் வரும் பெரிய பையன்கள் மொத்தமாகக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். சாக்லேட்டை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். 31-ஆம் தேதி சாயங்காலம் கடைக்கு ஓடினால் அலமாரியில் யாரும் சீண்டாத கேண்டி கார்ன் என்ற சோளமணி வடிவ மிட்டாய் மட்டும்தான் மிச்சமிருக்கும், அதிலும் ஜெலட்டின் உண்டு.