முதலீட்டு வங்கி இன்டர்ன்ஷிப்புக்குப் பிறகு கன்சல்டிங் வேலைக்கு மாற முடியுமா?

கேள்வி: “எம்பிஏ முதலாண்டு முடித்துவிட்டு மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன். மனம் கன்சல்டிங் (நிறுவனங்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்லும் வேலை) பக்கம் போகிறது. இப்போது மாறினால் இந்த இரண்டு மாதமும் வீண்தானா? பிபிஓ (இன்டர்ன்ஷிப் செய்த நிறுவனமே முன்கூட்டித் தரும் வேலை அழைப்பு) கொடுத்தால் மறுக்கலாமா?”

மாறலாம். இரண்டு மாதமும் வீணாகாது. இதே வழியில் வந்தவள் என்பதால் உறுதியாகவே சொல்கிறேன். ஆனால் ஏன் மாறுகிறீர்கள் என்பதற்கு உங்களிடம் உண்மையான விடை ஒன்று இருக்க வேண்டும். எனக்கு அது கிடைத்த விதத்தைச் சொன்னால், உங்களுக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் ஒரு முதலீட்டு வங்கியில் எட்டு வாரம் வேலை செய்தேன். நான்காவது வாரம் ஒரு நூற்பாலையின் விற்பனை வேலையில் என்னைச் சேர்த்தார்கள். ஆலையை வாங்க வருபவர்களுக்குத் தரும் தகவல் குறிப்பேட்டில் நிதி நிலைப் பகுதி என்னுடையது. மூன்று ஆண்டுக் கணக்கை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சரக்கு இருப்பு உறுத்தியது. எழுபது நாள் விற்பனைக்குச் சமமாக இருந்த இருப்பு, அடுத்த ஆண்டு எண்பத்தைந்து, அதற்கடுத்த ஆண்டு நூற்றுப்பத்து நாள் என்று ஏறியிருந்தது. (எண்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஆலையின் பெயரை இன்றும் யாரிடமும் சொன்னதில்லை.)

என் அப்பா உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சுக் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவர். அன்று இரவு அவரை அழைத்து, எந்த ஆலை என்று சொல்லாமல், “மார்ச் கடைசியில் ஒரு மில்லில் சரக்கு எவ்வளவு இருக்குமுங்க அப்பா?” என்று பொதுவாகக் கேட்டேன்.

“கோடவுன் நிறைந்துதான் கண்ணு இருக்கும். பஞ்சு நிறைந்திருந்தால் பயமில்லை. நூல் நிறைந்திருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தொழிலின் நாட்காட்டியே இருக்கிறது. நம் நாட்டில் பஞ்சுப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. பஞ்சில் பெரும்பகுதி மார்ச்சுக்குள் சந்தைக்கு வந்துவிடும். நூற்பாலையின் செலவில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போகிறது. அதனால் கையில் பணம் உள்ள ஆலைகள் பருவத்திலேயே பேல் பேலாக வாங்கி அடுக்கிவிடுகின்றன. ஒரு பேல் 170 கிலோ. நிறுவனங்கள் ஆண்டுக் கணக்கை முடிப்பதோ மார்ச் 31-இல். கோடவுன் நிறைந்திருக்கும் நாளில் எடுத்த படம்தான் பேலன்ஸ் ஷீட். தொழில் தெரியாதவர் அதைப் பார்த்துவிட்டு நிர்வாகம் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

மறுநாள் ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைப் புரட்டினேன். மூலப்பொருள் எவ்வளவு, முடிந்த சரக்கு எவ்வளவு என்று அங்கே பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஏறியிருந்தது பஞ்சு அல்ல, நூல். எந்த நம்பர் (பருமன்) நூல் தேங்குகிறது, வாங்குபவர்களில் யார் ஆர்டரைக் குறைத்தார்கள், பக்கத்து ஆலைகளிலும் இதே தேக்கமா? எனக்கு உடனே திருப்பூருக்குப் போய் நாலு பேரிடம் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. என் மேலாளரிடம் சொன்னேன். “நல்ல கேள்வி. ஆனால் விடை தேடுவது நம் வேலை இல்லை. ஆலை தரும் விளக்கத்தை வாங்கி அடிக்குறிப்பில் போடு” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. வாங்குபவரையும் விற்பவரையும் ஒரு விலையில் சேர்த்துவைப்பதுதான் முதலீட்டு வங்கியின் வேலை. அதை அவர்கள் அபாரமாகச் செய்தார்கள். ஆனால் அந்த அடிக்குறிப்பைத் தட்டச்சு செய்தபோதே, எனக்கு வேண்டியது அந்த விடைதான் என்று தெரிந்துவிட்டது. விலை என்ன என்பதைவிட, நூல் ஏன் விற்கவில்லை என்பதே என்னைத் தூங்கவிடவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு அடிக்குறிப்பு இருந்தால் மாறுங்கள்.

இரவு இரண்டு மணி வரை வேலை வாங்குகிறார்கள் என்பது மட்டுமே காரணம் என்றால் பொறுங்கள். கன்சல்டிங்கிலும் இரவுகள் நீளம்தான். திங்கள் விடியற்காலை விமானம், வாரம் முழுவதும் வாடிக்கையாளரின் ஊர், விடுதி அறையில் பவர்பாயின்ட் என்று பல மாதங்கள் போகும். களைப்பின் வடிவம் மாறும், அளவு பெரிதாக மாறாது. பேரம் முடியும் நாளின் பரபரப்பு உங்களுக்குப் பிடிக்கிறது என்றாலோ, பிற்காலத்தில் நிறுவனங்களை வாங்கி லாபத்தில் விற்கும் தனியார் பங்கு முதலீட்டு நிறுவனங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தாலோ, வங்கியே நல்ல வழி.

கணக்கிலிருந்து வருபவள் என்று நான் கொஞ்சம் தயங்கியதும் உண்டு. அது தேவையற்ற தயக்கம். 1926-இல் சிகாகோவில் மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் மெக்கின்சி ஒரு கணக்கியல் பேராசிரியர். பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பை 1963-இல் புரூஸ் ஹெண்டர்சன் தொடங்கியதே ஒரு வங்கி நிறுவனத்தின் பிரிவாகத்தான். இன்றும் ஒரு நிறுவனத்தை வாங்கும் முன், அதன் சந்தை வளருமா, வாடிக்கையாளர்கள் நிலைப்பார்களா என்று சில வாரங்களில் ஆராய்ந்து சொல்லும் வேலையை முதலீட்டாளர்கள் கன்சல்டிங் நிறுவனங்களிடம் கொடுக்கிறார்கள். நிதிநிலை அறிக்கையைப் படித்துப் பழகியவருக்கு அங்கே முதல் நாளிலிருந்தே வேலை இருக்கிறது.

கன்சல்டிங் நிறுவனங்கள் ஒரு தொழில் சிக்கலைக் கொடுத்து விடை தேடச் சொல்லும் கேஸ் நேர்முகத் தேர்வில் வங்கிப் பழக்கம் ஒன்று காலை வாரும். அதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் லாபம் குறைந்துவிட்டது, ஏன் என்று கண்டுபிடியுங்கள் என்பார்கள். வங்கியிலிருந்து வருபவரின் கை உடனே எண்ணுக்குப் போகும். எனக்கு உதவிய சீனியர் அக்கா முதல் பயிற்சியிலேயே என்னை நிறுத்தினார். “கணக்கு சரி. ஆனால் இந்த நிறுவனத்தின் பொருளை யார் வாங்குகிறார்கள் என்று நீ இன்னும் கேட்கவே இல்லையே” என்றார். அதற்குப் பிறகு, பேனாவை எடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்பது என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். யார் வாங்குகிறார்கள், எதற்காக வாங்குகிறார்கள், குறைவு எப்போது தொடங்கியது? இன்னொன்று, வங்கியில் கடைசிக் காசு வரை கணக்கு பொருந்த வேண்டும். கேஸில் உத்தேசமாகக் கணக்கிட்டு, அந்த எண் எதைக் காட்டுகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சென்னை சென்ட்ரலில் ஒரு நாளில் எத்தனை கோப்பைத் தேநீர் விற்கும் என்று கேட்டால் அவர்கள் பார்ப்பது நீங்கள் பிரிக்கும் விதத்தை. தனியாகப் படித்து இது வராது. எதிரில் ஒருவரை உட்காரவைத்து, வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். நான் நாற்பது கேஸ்கள் செய்தேன்.

நேர்முகத் தேர்வில் வங்கியைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் பெயரும் வாயில் வரக்கூடாது. என்னிடம் ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டபோது, பெயரில்லாத அந்த ஆலையின் கதையைச் சொன்னேன். எதிரில் இருந்தவர் கையிலிருந்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, “சரி, நீங்கள் திருப்பூருக்குப் போயிருந்தால் முதலில் யாரைப் பார்த்திருப்பீர்கள்?” என்று கேட்டார். அதன் பிறகு இருபது நிமிடம் நூலைப் பற்றியே பேசினோம்.

இனி பிபிஓ. பெரும்பாலான கல்வி நிறுவனங்களில் அதை ஏற்றுக்கொண்டால் இறுதி ஆண்டு வளாகத் தேர்வில் உட்கார முடியாது. எனக்கு வந்தது, நான் மறுத்தேன். ஆனால் கல்விக் கடனும் வீட்டுப் பொறுப்பும் தலைக்கு மேல் இருந்தால் மறுக்காதீர்கள். ஏற்றுக்கொண்டு ஓரிரு ஆண்டுகள் வேலை செய்தபின் அனுபவத்தோடு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். கதவு வளாகத்தோடு மூடிவிடுவதில்லை. நான் மறுப்பதற்கு முன் இரண்டு சீனியர்களிடம் முழு கேஸ் செய்து காட்டி, “உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், தேறுவேனா?” என்று கேட்டேன். இருவரும் தேறுவாய் என்ற பிறகே கடிதம் எழுதினேன். அப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். “அந்த நூல் ஏன் விற்கவில்லை என்று கடைசியில் தெரிந்ததா?” என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்கு இன்னும் எத்தனை வாரம் மிச்சம்? அதுவரை கொடுத்த வேலையை முழு மனதோடு செய்யுங்கள். பிபிஓ கடிதம் வந்தால், பதில் சொல்ல எத்தனை நாள் அவகாசம் என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் பயிற்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள். ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம் என்னால் ஒதுக்க முடியும்.